பறவைகளை எண்ணச் செல்வோரின் பொறுப்பு

ஆண்டுதோறும் மார்கழி, தை மாதங்களில் கொழும்பைச் சூழவுள்ள சதுப்பு நிலங்களில் வலசைப் பறவைகள் தங்கியிருக்கின்றன. மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தென்கோடியில் இலங்கை அமைந்திருப்பதே இதற்குக் காரணமாகும். இக்காலத்தை ஒட்டி, 1987 ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டு வருகின்றது. நம் நாட்டில் 1943 இல் தோன்றிய சிலோன் பேர்ட் கிளப்பும், 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உருவான களப் பறவையியல் குழுவும் இத்துறையில் நீண்டகாலமாகப் பணியாற்றி வருகின்றன.

வெள்ளவத்தை வாசிகளுக்கு பெல்லன்வில - அத்திடிய சரணாலயம் தொலைவில் இல்லை. கொட்டாஞ்சேனையில் இருப்போருக்கு மட்டக்குளியில் களனி கங்கை கடலுடன் கலக்கும் முகத்துவாரம் அண்மையிலேயே உள்ளது. எனவே தமிழ் பேசும் மாணவரும் இளைஞரும் இப்பணியில் தொண்டர்களாக இணைவது எளிது. இதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுப்புணர்வு தேவை.

ஓர் எண்ணிக்கைக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்ற கேள்வி எழலாம். ஒரு நீர்ப்பறவை இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒரு வீதத்தையோ, 20,000 நீர்ப்பறவைகளையோ வழமையாகத் தாங்கும் ஈரநிலம், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெறத் தகுதியடைகின்றது. 2018 இல் கொழும்பு 'ராம்சார் ஈரநில நகரம்' என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. ஆயினும் குப்பையாலும் மண் நிரப்புதலாலும் சதுப்பு நிலங்கள் சுருங்கி வருகின்றன. அவற்றுக்காக வாதாடுவோரின் கையில் உள்ள சான்று, தொண்டர்கள் குறித்துக் கொடுத்த எண்களே. அவ்வெண்கள் பிழையானால் வாதமும் தோற்றுவிடும்.

ஆகவே முதலாவது கடமை உண்மை. இனங்காண முடியாத பறவையை 'இனங்காணப்படாதது' என்றே எழுத வேண்டும். அரிய பறவையைக் கண்டதாகப் பெயரெடுக்கும் ஆசை ஆகாது. பெருங்கூட்டமாயின் பத்துப் பறவைகள் பிடிக்கும் இடத்தை மனத்தில் அளந்துகொண்டு, அவ்வளவால் முழுக் கூட்டத்தையும் மதிப்பிடலாம். பறந்து சென்று மீண்டும் வந்து அமர்ந்தவற்றை இருமுறை எண்ணலாகாது. ஒன்றுமே காணாத இடத்தில் 'எதுவுமில்லை' எனப் பதிவதும் பெறுமதியான தகவலாகும். திகதி, நேரம், காலநிலை ஆகியவற்றையும் தவறாது குறிக்க வேண்டும்.

இரண்டாவது கடமை பறவையின் நலன். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பறவை, திரும்பிச் செல்வதற்கான வலுவை இங்குதான் சேர்க்கின்றது. படம் பிடிப்பதற்காக அதனை எழுப்பிப் பறக்கவிடுவது அவ்வலுவை வீணாக்குவதாகும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பதும் தவறு. கூடுகளை நெருங்கவோ, அவை உள்ள இடத்தைப் பகிரங்கப்படுத்தவோ கூடாது. குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த தாய்ப் பறவைக்கு அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பதை முஸ்லிம்களும், புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதையைத் தமிழரும் அறிவர்.

மூன்றாவது, அயலவர் மீதான மரியாதை. தனியார் காணிக்குள் அனுமதியின்றி நுழைதல் கூடாது. குடியிருப்புகளை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பலாகாது. துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் தொலைநோக்கியும் கமராவும் ஐயத்தை எழுப்பக்கூடும். ஆதலால் தேசிய அடையாள அட்டையையும் ஏற்பாட்டாளரின் கடிதத்தையும் உடன் வைத்திருப்பது நன்று. கேட்போருக்குப் பொறுமையாக விளக்கமளிக்க வேண்டும். கொழும்பின் நீர்நிலைகளில் முதலைகளும் உண்டு. தனியே செல்லாது குழுவாகச் செல்வதே பாதுகாப்பானது.

சதுப்பு நிலம் பறவைக்கு மட்டும் உரியதன்று. 2010 நவம்பரில் தலைநகரம் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. மழைநீரைத் தாங்கும் நிலம் குறையக் குறைய அந்நீர் நம் வீட்டு வாசலையே நாடும். பறவைகளை நேர்மையாக எண்ணும் தொண்டர், அந்நிலத்தையும் அதன் வழியாக இந்நகரத்தையும் காக்கும் பணியிலேயே ஈடுபடுகின்றார்.