கல் நீங்கிய இரவில் வரும் வலி



பித்தநாளத்தில் அடைத்திருந்த கல்லை நகரத்து மருத்துவமனையொன்றில் எடுத்துவிட்டு, அன்று மாலையே இராஜாக்கமங்கலத்திற்குத் திரும்பிய ஒரு தாயை நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். கல் போயிற்று என்று வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. அத்தாயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சாமி, வாயுதான்" என்றார். அடுப்பில் சுக்குக் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. விடியுமுன் வலி முதுகுவரை ஊடுருவிற்று, வாந்தி நிற்கவில்லை. மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, கணையம் அழற்சியுற்றிருப்பதாகக் கூறினர். பல நாள் படுக்கையில் கிடந்த பின்னரே தேறினார். இரண்டாண்டுகளுக்கு முன்னும் அவருக்குக் கணைய அழற்சி வந்ததுண்டு. அதனை எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இத்துன்பம் ஏன் வருகிறது? கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் கொண்டுவரும் குழாயும், கணைய நீரைக் கொண்டுவரும் குழாயும் பெரும்பாலோருக்கு முன்சிறுகுடலில் ஒரே வாயிலில் வந்து சேர்கின்றன. ஈ.ஆர்.சி.பி. எனப்படும் சிகிச்சையில், வாய்வழியே உள்நோக்குக் கருவியைச் செலுத்தி, அவ்வாயிலினூடே பித்தநாளத்தினுள் நுழைந்து கல்லை எடுக்கின்றனர். 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருத்துவர் மக்கூன் இவ்வழியைப் பரிசோதனைக்காகத் திறந்தார். 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அவ்வாயிலை வெட்டி விரிக்கும் முறை பிறந்தது. வயிற்றைக் கிழிக்காமல் கல்லை நீக்கும் இம்முறை எத்தனையோ உயிர்களைக் காத்துள்ளது. ஆயினும் பக்கத்துக் கதவு கணையத்தினுடையது. அக்கதவு அடிக்கடி தொடப்பட்டாலோ, அதனுள் மருந்துச் சாயம் புகுந்தாலோ, கணையம் வீங்கிச் சினக்கிறது. இச்சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்கு ஏறக்குறைய மூவர் முதல் பத்துப் பேர் வரை இவ்விதம் துன்புறுகின்றனர். பெரும்பாலோர் சில நாள்களில் குணமடைவர். சிலருக்கோ உயிருக்கே ஆபத்தாகிறது.

பெண்களுக்கும், இளவயதினருக்கும், முன்பு கணைய அழற்சி கண்டவர்களுக்கும் இந்த ஆபத்து மிகுதி. இதனைத் தடுக்க மருத்துவ உலகம் கண்ட வழிகள் எளியவை. முதலாவது, தேவையின்றி இச்சிகிச்சையை நாடாமை. கல் உண்டா எனப் பார்ப்பதற்கு மட்டுமெனில், குழாயைத் தொடாமலே எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் காட்டிவிடும். இரண்டாவது, ஆசனவாய்வழி வைக்கும் இண்டோமெதசின் அல்லது டைக்ளோஃபெனாக் மருந்து. அமெரிக்காவில் ஆபத்து மிகுந்த 602 பேரிடம் நடந்து, 2012-இல் வெளியான ஆய்வில், இண்டோமெதசின் பெறாதவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் அளவிலும், பெற்றவர்களில் ஒன்பது பேர் அளவிலுமே அழற்சியுற்றனர். மூன்றாவது, ஆபத்து மிகுந்தோர்க்குக் கணையக் குழாயில் சிறு ஸ்டென்ட் வைத்தல். மருந்து மட்டும் போதுமா என 1950 பேரிடம் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டபோது, மருந்தோடு ஸ்டென்டும் பெற்றவர்களே கூடுதல் பாதுகாப்புப் பெற்றனர் எனத் தெரிந்தது. நரம்புவழியே ரிங்கர் லாக்டேட் திரவம் தாராளமாய் ஏற்றுவதும் துணைசெய்கிறது.

நம் நாட்டு மருத்துவர்களும் இவ்வாராய்ச்சியில் பின்தங்கவில்லை. ஐதராபாத்தின் ஆசிய இரைப்பைக் குடலியல் நிலைய மருத்துவர்கள் அமெரிக்கருடன் சேர்ந்து, 960 பேரிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அவ்வாயிலின்மீது எபிநெஃப்ரின் மருந்தையும் தெளித்தால் மேலும் நன்மை உண்டா என்பதே கேள்வி. இல்லை என்பது விடையாயிற்று. பயனற்றதை விலக்குவதும் அறிவின் வளர்ச்சியே அன்றோ!

ஆகவே, குடும்பத்தார் செய்ய வேண்டுவன யாவை? சிகிச்சைக்கு முன் இவற்றைத் தவறாது மருத்துவரிடம் சொல்லுங்கள்: முன்பு கணைய நோய் வந்ததா, வலி மாத்திரை ஒவ்வாமை உண்டா, சிறுநீரகக் குறை, வயிற்றுப்புண் உண்டா, கருவுற்றிருக்கின்றாரா. ஆசனவாய்வழி வைக்கும் அம்மருந்து எல்லார்க்கும் பொருந்துவதன்று. "அழற்சியைத் தடுக்க என்ன செய்வீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது அவமதிப்பன்று. ஸ்டென்ட் வைத்திருந்தால், அது தானே விழுந்ததா, எடுக்க வேண்டுமா என்பதை எப்பொழுது பார்ப்பது எனக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய முதல் இருபத்துநான்கு மணி நேரம் கவனியுங்கள். மேல்வயிற்றில் கடும் வலி, அது முதுகுக்குப் பரவுதல், வாந்தி, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் வாயு என்று கஷாயம் வைக்காதீர்கள். இரவென்று தயங்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தத்தில் அமிலேஸ், லிப்பேஸ் அளவைப் பார்த்தால் உண்மை விளங்கும். காலத்தே தொடங்கும் சிகிச்சை பெரிதும் உதவும்.

இதைப் படித்து எவரும் அச்சம் கொண்டு சிகிச்சையைத் தள்ளிவிட வேண்டாம். கல் அடைத்து மஞ்சள் காமாலையும் குளிர்காய்ச்சலும் சேர்ந்தால், தாமதமே பெரிய ஆபத்து. நம் தாய்மார் தம் வலியை மறைத்துப் பழகியவர்கள். பிறருக்குத் தொல்லை தரலாகாது என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் உயர்ந்ததே. ஆனால் அன்றிரவு மட்டும் அவர்கள் வாய்திறந்து சொல்லட்டும். நாமும் அருகில் அமர்ந்து கேட்போம்.