அடுத்த சித்திரக்கதையில் என்ன வேண்டும்?

மாணவர்களே, நீங்கள் விரும்பிப் படிக்கும் சித்திரக்கதையின் அடுத்த இதழில் என்ன நடக்க வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'ஸ்டார் டிரெக்' ரசிகர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதற்கு விடை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

'என்டர்பிரைஸ்' என்னும் விண்கலத்தில் விண்மீன்களிடையே செல்லும் குழுவினரின் கதை இது. 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, மறு ஆண்டே சித்திரக்கதையாகவும் வந்தது. ஆரம்ப இதழ்களை வரைந்த இத்தாலிய ஓவியர்கள் தொடரைப் பார்த்ததில்லை. நிழற்படங்களைப் பார்த்தே வரைந்தார்கள். ஆகவே கலத்தின் பின்புறம் ராக்கெட்டைப் போல் நெருப்பு சீறியது! அது வெளியையே வளைத்துச் செல்வதாகக் கற்பனை செய்யப்பட்ட கலம். அதற்கு நெருப்பு எதற்கு?

ரசிகர்களின் ஆசைகள் பலவகை. ஐந்தாண்டுப் பயணம் என்று சொல்லிப் புறப்பட்ட தொடர், மூன்று பருவங்களோடு 1969-இல் நின்றுவிட்டது. மீதிக் கதை என்ன? 2019-இல் 'ஐந்தாம் ஆண்டு' என்ற பெயரிலேயே ஒரு சித்திரக்கதை தொடங்கியது. வெவ்வேறு தொடர்களின் பாத்திரங்கள் ஒரே கலத்தில் பயணம் செய்தால் எப்படியிருக்கும்? 2022-இல் அதுவும் வந்தது. சித்திரக்கதைக்கு இது எளிது. கலம் தரையிறங்குவதைப் படமெடுக்கச் செலவு அதிகம் என்பதால்தான் தொலைக்காட்சியில் ஆட்களை ஒளிக்கற்றையாக இறக்கும் கருவியையே கற்பனை செய்தார்கள். ஓவியருக்கோ, ஒரு கலமானாலும் ஆயிரம் கலமானாலும் காகிதமும் மையும்தான் செலவு.

ரசிகர்களின் ஆசை ஒருமுறை காகிதத்தைத் தாண்டியும் சென்றது. 1976-இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயரிட இருந்தார்கள். ரசிகர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். பெயர் 'என்டர்பிரைஸ்' ஆயிற்று. ஆனால் அந்த ஓடம் ஒருநாளும் விண்வெளிக்குப் போகவில்லை! தரையிறங்கும் சோதனைகளுக்காகக் கட்டப்பட்ட அதில் விண்ணுக்கு ஏற்றும் எந்திரங்களும் இல்லை, வெப்பம் தாங்கும் உண்மையான கவசமும் இல்லை. கடிதங்கள் பெயரைத் தரலாம். எந்திரத்தைத் தருவது இயற்பியல்தான்.

கதைக்கும் இது பொருந்தும். என் ஆசையைச் சொல்கிறேன். ஓர் இதழில் வெளியை வளைக்கும் எந்திரம் பழுதாகிவிடட்டும். கலம் ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தில் மட்டுமே செல்லட்டும். நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் புராக்சிமா சென்டாரி. சூரியனை விட்டால் அதுதான். தொலைவு 4.24 ஒளியாண்டு. வேகம் கூட்டவும் குறைக்கவும் ஆகும் காலத்தை விட்டுவிடுவோம். பூமியின் கடிகாரப்படி அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 4.28 ஆண்டு ஆகும்.

கலத்துக்குள் எவ்வளவு? கலத்தின் வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 0.9801. அதை 1-இலிருந்து கழித்தால் 0.0199. அதன் வர்க்கமூலம் சுமார் 0.141. இதை 4.28-ஆல் பெருக்கினால் 0.6 ஆண்டு, அதாவது ஏழு மாதத்துக்குச் சற்று அதிகம்!

இப்போது இரட்டைப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் வயது 15. அக்காள் கலத்தில் போய்த் திரும்புகிறாள். தம்பி வீட்டில் இருக்கிறான். அவள் திரும்பும்போது அவளுக்கு வயது 16 கடந்து சில மாதங்கள். தம்பிக்கோ 23 முடிந்து பாதி ஆண்டாகியிருக்கும். கதவைத் திறப்பவன் அவளைவிட மூத்தவன். அவள் அவனை இனித் தம்பி என்று கூப்பிடலாமா? அந்தக் கடைசிக் கட்டத்தில் ஓவியர் ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை.

இந்தக் கதையில் சண்டையில்லை, அரக்கர்கள் இல்லை. உள்ளதெல்லாம் ஒரு வர்க்கமூலந்தான். உங்கள் ஆசையையும் இப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள். வேகத்தை 90 சதவீதமாகக் குறைத்தால் அக்காளுக்கும் தம்பிக்கும் எத்தனை வயதாகியிருக்கும்? விடை கண்டபின், அந்தக் கட்டத்தை நீங்களே வரையுங்கள்.