சான்றுகள் பேசும் மேடை

நுழையும்முன்
திருமணம் என்னும் சொல்லைப் பாட்டியும் தாயும் மகளும் ஒரே பொருளில் வழங்குவதில்லை. வீட்டிற்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தைப் பெரிதும் காத்து வைத்திருப்பவை நினைவுகளும் பழைய தாள்களுமே. அவற்றை மக்கள்முன் பேசவைக்கும் கலை ஆவண நாடகம். மணவாழ்வைப் பொருளாகக் கொண்டு அத்தகைய நாடகத்தை உருவாக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஆவண நாடகம்
நேர்காணல், கடிதம், நீதிமன்றப் பதிவு, நாளிதழ்ச் செய்தி ஆகியவற்றின் சொற்களைக் கொண்டே அமைவது ஆவண நாடகம். செருமனியில் எர்வின் பிஸ்கேட்டர் 1920களில் இவ்வடிவத்திற்கு அடித்தளமிட்டார். நாசி வதைமுகாமில் பணியாற்றியோர்மீது பிராங்க்ஃபர்ட் நகரில் நடைபெற்ற வழக்கின் வாக்குமூலங்களைக் கொண்டு பீட்டர் வைஸ் படைத்த 'விசாரணை' 1965இல் மேடையேறியது. தமிழில், வ. கீதாவின் எழுத்திலும் அ. மங்கையின் நெறியாள்கையிலும் மரப்பாச்சி குழு நிகழ்த்திய 'காலக்கனவு' பெண்களின் வரலாற்றை ஆவணங்களின் வழியே பேசியது.

ஒரு சொல், பல பொருள்
மணம் பற்றிய நாடகத்திற்கு முதல் தேவை காலப் பின்னணி. அகநானூற்றின் 86ஆம் பாடலில் மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர், தீவலம் அங்கில்லை. சிலப்பதிகாரத்தில் மணமக்கள் தீவலம் வருகின்றனர். கண்ணகிக்கு அப்போது 12 வயது, கோவலனுக்கு 16.

1917இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பெற்ற இந்திய மாதர் சங்கம் குழந்தை மணத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தது. 1929ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் மணவயதை 14 என வரையறுத்தது. 1978இல் அது 18 ஆயிற்று. இவ்வாண்டுகள் ஒவ்வொன்றும் நாடகத்தின் ஒரு காட்சிக்கு வித்தாகும்.

தெரிந்து தெளிவோம்
சடங்குகளைத் தவிர்த்து நடைபெற்ற சுயமரியாதைத் திருமணம் ஒன்று செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1950களில் தீர்ப்பளித்தது. பேரறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தம் இத்தகைய திருமணங்களுக்கு ஏற்பளித்தது. முன்னர் நடந்தவையும் அதனால் செல்லுபடியாயின.

கேட்டலும் தொகுத்தலும்
அந்த அடையாற்றின் முகத்துவாரத்திற்குத் தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் ஊரூர் ஒல்காட் குப்பம். 2015இல் தொடங்கிய குப்பத்து விழாவில் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் கருநாடக இசையும் பரதமும் ஒரே மேடையில் நிகழ்ந்தன. கலையை வரவேற்ற இவ்வூரில் மணவாழ்வு பற்றிய ஆவண நாடகம் ஒன்றை மாணவர்கள் உருவாக்க முனைவதாகக் கொள்வோம்.

ஆண்கள் கடலுக்குச் செல்ல, பெண்கள் மீன் விற்றுக் குடும்பம் தாங்குவது நெய்தல் நில வாழ்வு. ஆகவே, "உங்கள் திருமணம் எப்போது நடந்தது?" என்ற வினா மட்டும் போதாது. "உங்கள் விருப்பத்தைக் கேட்டார்களா? மீன் விற்ற பணம் யார் கையில் இருந்தது? உங்கள் மகளின் திருமணத்தில் எதை மாற்றினீர்கள்?" என்ற வினாக்களே மணத்தின் பொருளை வெளிக்கொணரும். விடைகளைப் பேசியவரின் வழக்கிலேயே எழுத வேண்டும். அவற்றைச் செந்தமிழாக்கினால் பேசியவர் மறைந்துவிடுவார். விடைக்கு முன் நேரும் மௌனத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அழைப்பிதழ், மொய் நோட்டு, நிழற்படம், பதிவுச் சான்று ஆகியவற்றையும் திரட்ட வேண்டும். சில வேளை நினைவும் தாளும் முரண்படும். மணநாளில் தமக்கு வயது பதினைந்து என்று மூதாட்டி ஒருவர் கூற, ஆவணம் பதினெட்டு என்று காட்டலாம். இரண்டும் மேடையில் ஒலிக்கட்டும். அவ்வேறுபாடு ஏன் நேர்ந்தது எனக் காண்போரை எண்ணச் செய்வதே நாடகத்தின் பணி.

இசைவு என்னும் அறம்
தம் கதையைச் சொன்னவர் அதே ஊரில், அதே உறவினரிடையே நாளையும் வாழவேண்டியவர். எனவே, பெயரையும் அடையாளத்தையும் மாற்றுதல், எழுதியதை அவரிடம் படித்துக் காட்டுதல், வேண்டாம் என்ற பகுதியை நீக்குதல் ஆகியன குழுவின் கடமைகள். ஒத்திகை முடிந்த பின்னரும் அவர் மறுத்தால், எத்துணைச் சிறந்த காட்சியாயினும் அதனைக் கைவிடவே வேண்டும்.

பெண்ணின் இசைவைக் கேளாமலே மணங்கள் முடிக்கப்பட்ட காலத்தைப் பற்றிப் பேசும் நாடகம், அவளது இசைவைக் கேளாமல் அவளது வாழ்வை மேடையேற்றுமாயின், எதிர்த்த தவற்றையே மீண்டும் செய்வதாகும். திருமணத்தின் பொருள் மாறிவந்த வரலாறு, "உனக்குச் சம்மதமா?" என்னும் வினா மெல்ல மெல்ல இடம்பெற்ற வரலாறே. ஆவண நாடகமும் அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்
உங்கள் வீட்டு மூத்தோர் ஒருவரிடம், அவர்தம் இசைவைப் பெற்று, அவரது திருமண நாளைப் பற்றிக் கேட்டறிந்து, அவர் சொற்களிலேயே ஒரு காட்சியாக எழுதுக. எழுதியதை முதலில் அவரிடமே படித்துக் காட்டுக.