கொழுந்து லொறி போன பாதையில் சைக்கிள் வருகிறது

2024 பெப்ரவரியில் ஒரு நாள். லுஹர் தொழுதுவிட்டு வந்து பதுளை பஸாரில் உள்ள என் ஹாட்வெயார் கடையில் உட்கார்ந்திருந்தேன். புழுதி படிந்த உடம்போடு வெளிநாட்டுக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்கள். தெமோதரைப் பக்கமாகத் தோட்டப் பாதைகளால் இறங்கி வந்தவர்கள். ஒரு சைக்கிளின் பின் டயரில் காற்று இல்லை. டியூப் கேட்டார்கள்.

நம்மிடம் டியூப் இருக்கிறது. ஆனால் அவர்களின் டியூபில் காற்றடிக்கும் வால்வு, பென்சிலை விட மெல்லியது. பிரெஸ்டா வால்வு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கடையிலிருந்த பம்ப் அதற்குப் பொருந்தவில்லை. என்னிடம் வேலை செய்யும் தோட்டத்துப் பையன் டியூபைக் கழற்றி, தண்ணீரில் அமிழ்த்தி, ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொடுத்தான். அவர்களிடமிருந்த கைப்பம்பால் அவர்களே காற்றடித்துக்கொண்டார்கள்.

காத்திருந்த நேரத்தில் அவர்கள் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். சுத்தமான கழிவறை எங்கே இருக்கிறது? குடிக்கும் தண்ணீர் எங்கே நிரப்பலாம்? இன்றிரவு சைக்கிள்களைப் பத்திரமாக வைத்துவிட்டுத் தங்க ஓர் இடம் உண்டா?

முப்பது வருடமாக இந்த ஊரில் வியாபாரம் செய்பவன் நான். மூன்றில் ஒன்றுக்கும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

இத்தாலியில் என்ன செய்தார்கள்?

இவர்கள் ஏன் நல்ல கார்ப்பெட் வீதியை விட்டுவிட்டுத் தோட்டப் பாதையில் வருகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் எளிது. பிரதான வீதியில் பஸ்ஸும் லொறியும் முச்சக்கர வண்டியும் விடும் புகையைக் குடிக்க யாரும் காசு செலவழித்து விமானம் ஏறி வரமாட்டார்கள். வாகனமில்லாத பாதை, பச்சை, அமைதி. இதற்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள்.

இத்தாலியில் ஸ்பொலெத்தோ என்ற ஊரிலிருந்து நோர்சியா வரை ஒரு மலை ரயில் ஓடியது. 1926இல் திறந்தார்கள், 1968இல் மூடிவிட்டார்கள். நாம் என்றால் தண்டவாளத்தைக் கழற்றி இரும்புக்கு விற்றுவிட்டு, பாதையைக் காடு பிடிக்க விட்டிருப்போம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஓடிய சின்ன ரயிலுக்கு 1940களில் அதுதான் நடந்தது. அவர்களோ சுமார் ஐம்பது கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையைச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திருத்திக்கொடுத்தார்கள். சுரங்கங்களுக்குள் விளக்குப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகிறார்கள்.

வட இத்தாலியில் சான் கான்டிடோ என்ற மலையூரிலிருந்து எல்லை தாண்டி ஒஸ்ரியாவின் லியன்ஸ் நகரம் வரை இன்னொரு பாதை. நாற்பத்து நான்கு கிலோமீற்றர், பெரும்பகுதி இறக்கம். சின்னப் பிள்ளைகளோடு குடும்பம் குடும்பமாக உருண்டு இறங்கி, திரும்பும்போது ரயிலில் ஏறி வருகிறார்கள். சைக்கிளை ஓர் ஊரில் வாடகைக்கு எடுத்து மறு ஊரில் ஒப்படைக்கலாம். வாடகைக் கடைக்காரர், வழியில் சிற்றுண்டி விற்பவர், ரயில்வே என எல்லோருக்கும் அதில் வருமானம்.

தஸ்கனிப் பகுதியில் நடந்ததைக் கேட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். அங்கே கிராமங்களுக்கிடையே வெள்ளைக் கிரவல் பாதைகள் உண்டு. தார் போட்டு அவற்றை அழித்துவிடக்கூடாது என்பதற்காக 1997இல் கையோலே என்ற சிற்றூரில் பழைய சைக்கிள்களோடு ஓர் ஓட்டம் நடத்தினார்கள். ‘லெரோய்க்கா’ என்பது அதன் பெயர். முதல் தடவை வந்தவர்கள் 92 பேர். இன்று ஆயிரக்கணக்கானோர் உலகமெங்கிலுமிருந்து வருகிறார்கள். தார் போடாத பாதை அந்த ஊருக்குச் சொத்தாகிவிட்டது.

நம் காலடியில் இருக்கும் சொத்து

ஊவாவில் தார் போடாத பாதைக்கு என்ன குறை? கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்திலிருந்து ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து ஸ்டேஷனுக்கும் மலையைச் சுற்றிப் பாதை வெட்டுவித்தார்கள். வெட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். ரயில் 1893இல் ஹப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் வந்தது.

அதற்கும் முன்னே, தவளம் என்று சொல்லும் பொதிமாட்டுக் கூட்டங்களோடு உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றிக்கொண்டு கரையோரத்திலிருந்து இந்த மலைகளுக்கு ஏறி வந்தவர்களில் நம் முன்னோர்கள் இருந்தார்கள். என் வாப்பாவே சம்பள நாட்களில் புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக நடந்தவர். எந்தக் குறுக்கு வழி எந்தத் தோட்டத்தில் போய் ஏறும் என்பது அவருக்கு மனப்பாடம். நாம் வேன் வாங்கியதும் அந்தப் பாதைகளை மறந்துவிட்டோம்.

மறக்காமல் தேடிப்பிடித்தவர் ஒரு வெளிநாட்டவர். இலங்கையில் நீண்டகாலமாக உல்லாசப் பயணத் துறையில் இருக்கும் மிகுவெல் குனாட் என்ற ஸ்பானியர், பழைய தோட்டப் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து ‘பெக்கோ ட்ரெயில்’ என்ற நெடும்பாதையை உருவாக்கினார். பெக்கோ என்பது நாம் மூட்டை மூட்டையாக விற்ற தேயிலைத் தரத்தின் பெயர்தான். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் அதற்குக் கைகொடுத்தன. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் அது 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கும் அதிகம் நீள்கிறது. ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை எல்லாம் அந்த வழியில்தான். முக்கியமாக நடப்பவர்களுக்குரிய பாதை அது. ஆனாலும் பல இடங்களில் மலைச் சைக்கிள் ஓடும். சில இடங்களில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

இறக்கத்தையும் கணக்குப் பாருங்கள். ஹப்புத்தளை சுமார் 1400 மீற்றர் உயரம். பதுளை எழுநூறுக்கும் குறைவு. ரயிலில் ஏறிப்போய்ச் சைக்கிளில் இறங்கி வரும் அந்த இத்தாலிக் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

பஸ் பயணியும் சைக்கிள் பயணியும்

2025இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் 23 இலட்சத்துக்கும் அதிகம். ரயிலின் கடைசி ஸ்டேஷன் பதுளை. ஆனால் எல்லோரும் எல்லவில் இறங்கிவிடுகிறார்கள்! ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் பிடித்துக்கொண்டு அப்படியே தெற்கே போய்விடுகிறார்கள். வேனில் வருபவர் ஒரு பெரிய ஹோட்டலில் இறங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே காசு கொடுப்பவர். வழியிலுள்ள கடைக்காரருக்கு அவரால் கிடைப்பது புழுதி மட்டுமே.

சைக்கிளில் வருபவர் அப்படியல்ல. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான் போவார். பசிக்கும், தாகமெடுக்கும், மழை வந்தால் ஒதுங்குவார். ஒரு கடையில் பிளேன்டீ, இன்னொரு கடையில் ரொட்டியும் சம்பலும், மற்றொரு கடையில் வாழைப்பழம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல கைகளில் காசு விழும். சிறு வியாபாரிக்கு ஏற்ற வாடிக்கையாளர் இவரே.

நாம் செய்யக்கூடியவை

பெரிய முதல் தேவையில்லை. அன்றைக்குப் பிறகு நான் செய்தது இதுதான். மெல்லிய வால்வுள்ள டியூப் சிலவும், நம் பம்பை அதற்குப் பொருத்தும் விரல் நுனியளவு பித்தளைத் துண்டுகள் சிலவும் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். கடைக்குப் பின்னாலிருந்த கழிவறைக்குப் புதுக் கதவும் தண்ணீர்க் குழாயும் போட்டேன். வாசலில் கொதித்தாறிய தண்ணீர் வைத்தேன். சைக்கிள் நிறுத்த இடமுள்ள தங்குமிடங்களைக் கேட்டறிந்து ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறேன். கூட்டம் கூட்டமாக யாரும் வந்துவிடவில்லை. வந்த சிலருக்குப் பதில் சொல்ல முடிந்தது. சொல்லி அனுப்பி வந்தவர்களும் உண்டு.

இரண்டாவது, விலை. வெள்ளைத் தோலைக் கண்டதும் பிளேன்டீயின் விலையைப் பல மடங்காக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அளவையில் மோசடி செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விலைப்பட்டியலை எழுதித் தொங்கவிடுங்கள். ஒருவரை ஏமாற்றினால், அவர் கையிலுள்ள தொலைபேசி அன்றிரவே ஆயிரம் பேருக்கு அதைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, தோட்டத்து மக்கள். இந்தப் பாதைகள் அவர்களின் வாசல் வழியாகத்தான் போகின்றன. லயத்து வாழ்க்கையை வேடிக்கை காட்டி நாம் மட்டும் காசு பார்ப்பது நியாயமில்லை. வழிகாட்டியாகவும் சைக்கிள் திருத்துபவராகவும் அவர்களின் பிள்ளைகளைப் பழக்கலாம். அன்று டியூபை ஒட்டிய பையனுக்கு அவர்கள் கொடுத்த அன்பளிப்பை நான் தொடவில்லை. கொழும்புக்குப் போய்க் கடையில் நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் திருத்தித் தனியாகச் சம்பாதிக்கிறான். தோட்டப் பாதையைப் பாவிக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மலை நம்மைப் பலமுறை தண்டித்திருக்கிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. உயிர்களும் வீடுகளும் வீதிகளும் போயின. ஆகவே எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது ஆபத்து என்பதைத் தோட்டத்தாரிடம் விசாரித்து வைத்துக்கொண்டு சொல்லும் கடைக்காரர்தான் பயணிக்கு உண்மையான உதவியாளர். மழை நாளில் “இன்று போகவேண்டாம், தங்கிப் போங்கள்” என்று சொல்வதும் வியாபாரமே. அதைவிட, அது ஓர் அமானிதம்.

பாதையை யாரோ வெட்டிவிட்டார்கள். யாரோ இணைத்தும் விட்டார்கள். அந்த மூன்று கேள்விகளோடு நாளை ஒருவர் உங்கள் கடை வாசலில் வந்து நிற்கலாம். அவருக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்கிறதா?