கல்லாய்ச் சமைந்த காடு!

சிதம்பரத்துல படிக்கிறீங்களா? கடலூர், பண்ருட்டியில இருந்து தினமும் ஃபுட்போர்டு அடிக்கிற பார்ட்டியா? அப்ப இது உங்க ஏரியா மேட்டர்!

இந்திய நிலவியல் புத்தகங்களில் உங்க ஊர் பேர்ல ஒரு பாறையே இருக்கு, தெரியுமா? 'கடலூர் மணற்பாறை'. கேப்பர் மலையோட சிவப்பும், பண்ருட்டி பலாவும் முந்திரியும் வேர்விட்ட செம்மண்ணும் அதோட உபயம்தான்.

இதே பாறைக்குள்ளே ஒரு காடு கல்லாகிக் கிடக்கு. அதைப் பார்க்க விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்குப் போகணும் (1993 வரை எல்லாமே ஒரே தென்னாற்காடுதானே!). பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மனைக் கும்பிட வர்ற கூட்டத்துல பல பேர், பக்கத்துல இருக்கிற கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்கிறதில்லை. 1781-லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் கல்மரங்களைப் பார்த்துக் குறிச்சு வெச்சிருக்கார். நாம இன்னும் போகலைன்னா எப்படி பாஸ்?

வயசு? சுமார் 2 கோடி வருஷம். சுமார் 200 மரங்கள். 3 மீட்டரில் இருந்து 15 மீட்டர் வரை நீளம். ஒண்ணுலயும் கிளை, இலை, வேர் இல்லை. அங்கேயே வளர்ந்த மரங்கள் இல்லை, வெள்ளம் உருட்டிக்கிட்டு வந்தவைன்னு நிபுணர்கள் சொல்றதுக்கு அதான் ஆதாரம். மணல் மூடினதால காத்து பட்டு மக்கலை. தண்ணியில கரைஞ்சிருந்த சிலிக்கா மெதுவா உள்ளே இறங்கி, மரம் இருந்த இடத்துல கல் உட்கார்ந்துடுச்சு. கணு, வளையம் எல்லாம் அப்படியே தெரியும். தூரத்துல பார்த்தா விறகுதான், தட்டிப் பார்த்தா 'ணங்'!

புளிய மரத்தோட சொந்தக்காரங்க அதுல இருக்காங்க. பூக்கவே பூக்காத கூம்பு மர வகையும் இருக்கு. நம்ம சமவெளியில இன்னிக்கு அது தானா வளர்றதில்லை. அப்போ இங்கே இருந்த காடே வேற!

நெய்வேலி பழுப்பு நிலக்கரியும் பழங்காலத் தாவரம்தான். அது சதுப்புல புதைஞ்சு கரியாச்சு, இது மணல்ல புதைஞ்சு கல்லாச்சு. கரியை எரிச்சு கரன்ட் எடுக்கிறோம். கல்லை?

சிலர் பாக்கெட்டுல போட்டுக்கிறாங்க. 'ஒரு துண்டுதானே'ன்னு நினைக்காதீங்க. எந்த அடுக்குல, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்ததுங்கிறதை வெச்சுத்தான் அந்தக் காலத்து வெள்ளம் எந்தத் திசையில ஓடுச்சுன்னு கணிக்க முடியும். உங்க ஷோகேஸுக்கு வந்துட்டா அது வெறும் கல். புதுசா ஒண்ணு உருவாக ரொம்ப ரொம்பக் காலம் ஆகும்.

கேமராவோட போங்க. ஆசை தீர க்ளிக்குங்க!