ராஜ்தூத் 350: எச்.டி.யா, எல்.டி.யா?

1964-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனம் ஜி.டி.ஓ. என்ற காரை வெளியிட்டது. நடுத்தர அளவுள்ள காருக்குள் பெரிய காரின் எஞ்சினைப் பொருத்தியதே அதன் புதுமை. அதிலும் இரண்டு வகை. சாதாரண வகைக்கு 325 குதிரைத் திறன். மூன்று கார்புரேட்டர் பூட்டிய வகைக்கு 348. எதை வாங்குவது என்று அந்நாட்டு இளைஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நம் நாட்டில் அப்படிப்பட்ட கார் வரவில்லை. ஆனால் அதே கேள்வி இரண்டு சக்கரத்தில் ஏறி வந்தது.

டெல்லியை அடுத்த பரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம், ஜப்பானிய யமஹா ஆர்.டி.350 வண்டியின் உரிமம் பெற்று, 1983-இல் ராஜ்தூத் 350 என்ற மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. ஜப்பானில் 39 குதிரைத் திறன் தந்த எஞ்சினை, பெட்ரோல் செலவைக் கருதி இங்கே 30.5 ஆகக் குறைத்தார்கள். இதுவே எச்.டி., அதாவது 'ஹை டார்க்'. அப்படியும் பெட்ரோலை அது குடித்த வேகம் நம் மக்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1985 வாக்கில் 27 குதிரைத் திறனுள்ள எல்.டி., அதாவது 'லோ டார்க்' வந்தது. அதே 1985-இல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி.100 வந்து, ஒரு லிட்டரில் ஊர் சுற்றிக் காட்டியது! ராஜ்தூத் 350-இன் உற்பத்தி 1989 வாக்கில் நின்றுபோயிற்று.

இன்று அது பழம்பொருள் சேர்ப்போர் தேடும் வண்டி. எச்.டி. என்றால் விலை கூடுதல். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்துக்கொண்டு, "சார், டார்க் அதிகம் உள்ளதை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

டார்க் என்பது முறுக்கு விசை. பட்டறையில் வெள்ளித் தகட்டை மெலிதாக்கும் உருளை எந்திரத்தைப் பாருங்கள். கைப்பிடி நீளமாக இருந்தால் குறைந்த பலத்திலேயே உருளை சுழலும். விசையையும் கைப்பிடியின் நீளத்தையும் பெருக்கினால் முறுக்கு விசை. ஆனால் ஒரு மணி நேரத்தில் எத்தனை தகடு உருட்டலாம் என்பது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோம் என்பதையும் பொறுத்தது அல்லவா? முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதே திறன்.

இனி எண்களைப் பார்ப்போம். எச்.டி.யின் உச்ச முறுக்கு விசை ஏறத்தாழ 32 நியூட்டன் மீட்டர். அக்காலத்து 350 சி.சி. புல்லட்டின் முறுக்கு விசையும் ஏறத்தாழ அதே 32தான்! பெயரில் 'ஹை டார்க்' இல்லாத புல்லட் அதை நிமிடத்திற்குச் சுமார் 3000 சுழற்சியிலேயே தந்துவிடும். எச்.டி.க்கு 6500 சுழற்சி வேண்டும். புல்லட்டின் திறன் 18, எச்.டி.யின் திறன் 30.5. ஆகவே வேறுபாடு முறுக்கில் இல்லை, சுழற்சியில் இருக்கிறது. பெயர் வைத்தவர் இயற்பியல் வகுப்பில் சற்றுக் கண்ணயர்ந்திருப்பார் போலும்.

இவ்வளவு வேகமாக அது எப்படிச் சுழல்கிறது? இது இரண்டு சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. புகையை வெளிவிட இதில் வால்வு இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள வாயிலைப் பிஸ்டனே திறந்து மூடும். 6750 சுழற்சியில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் 9 பங்கு மட்டுமே. அதற்குள் புகை வெளியேற வேண்டும், புதுக் கலவை உள்ளே வர வேண்டும். வாயில் பெரிதாகவும் உயரமாகவும் இருந்தால் அவசரத்திற்கு உதவும். ஆனால் மெதுவாக ஓடும்போது அதே வாயில் வழியாக எரியாத பெட்ரோலும் தப்பி ஓடிவிடும். இங்கே புகைக்குழாயும் ஒரு வேலை செய்கிறது. ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் குழாய் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே, புகை கிளப்பிய அழுத்த அலை குழாயின் மறுமுனையில் பட்டுத் திரும்பி, தப்பி ஓடும் கலவையைப் பிடித்து உள்ளே தள்ளுகிறது. நேரம் பொருந்தினால்தான் இது நடக்கும். பொருந்துவது குறிப்பிட்ட சுழற்சி வேகங்களில் மட்டுமே. ஆறு கியர் வைத்ததற்கும் இதுவே காரணம்: எஞ்சினை அந்தக் குறுகிய வேக எல்லைக்குள்ளேயே பிடித்து வைக்க வேண்டும். எல்.டி.யில் இந்த வாயில்களையும் புகைவழியையும் சற்று நெருக்கினார்கள். உச்சத் திறன் குறைந்தது, பெட்ரோல் சற்று மிஞ்சியது.

சரி, அந்த 3.5 குதிரைத் திறன் எவ்வளவு வேகத்தைத் தரும்? உச்ச வேகத்தில் திறனின் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. அதற்கு வேண்டிய திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப வளரும். 30.5-ஐ 27-ஆல் வகுத்தால் 1.13. அதன் முப்படி மூலம் 1.04. ஆக, 100-க்கு 4 பங்கு வேகமே கூடுதல்! எல்.டி. 130 கிலோமீட்டர் போனால் எச்.டி. 135 போகும். புறப்படும் வேகத்தில் வேறுபாடு இதைவிட நன்றாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் லீ பஜாரில் மூட்டை இறக்கும் லாரிகளுக்கிடையே அதை எங்கே போய்க் காட்டுவது?

நாற்பது ஆண்டுப் பழைய எஞ்சினில் தேய்ந்த சிலிண்டரே இதைவிட அதிகத் திறனை விழுங்கிவிடும். மூல அளவு 64 மில்லிமீட்டர் துளை, 54 மில்லிமீட்டர் வீச்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து 347 சி.சி. வரும். துளையைப் பலமுறை கடைந்து பெரிய பிஸ்டன் போட்ட வண்டிகள் உண்டு. எச்.டி. எழுத்தை ஒட்டிய எல்.டி.யும் உண்டு, ஸ்டிக்கர் ஒட்ட யாரால் முடியாது? எனவே சிலிண்டரைக் கழற்றி, துளையையும் வாயிலின் உயரத்தையும் வெர்னியர் அளவியால் அளக்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்றேன். பெட்ரோலோடு எண்ணெய் கலக்கும் பம்ப் வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். அது நின்றால் பிஸ்டன் இறுகிவிடும். ஓடும் வண்டி அப்படியே பூட்டிக்கொள்ளும். அவர் அளந்தார். எச்.டி.யின் துளை முட்டை வடிவமாகியிருந்தது. எல்.டி.யை வாங்கினார்.

பிரேக்கைப் பற்றி அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் எடுத்தேன். இரு வகைக்கும் முன்னும் பின்னும் ஒரே டிரம் பிரேக்தான். ஜப்பானிய வண்டியின் முன் டிஸ்க் பிரேக் இங்கே வரவில்லை. வண்டி 150 கிலோ, ஆள் 70 கிலோ என்று கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 85,000 ஜூல். நிறுத்தும்போது இதில் பெரும்பகுதி டிரம்மில் வெப்பமாகும். ஒரு கிலோ இரும்பை 190 டிகிரி சூடேற்ற இது போதும்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நிலைமை இன்னும் கடுமை. சுமார் 1200 மீட்டர் இறக்கம், 20 கொண்டை ஊசி வளைவுகள். 220 கிலோவுக்கு நிலை ஆற்றல் ஏறத்தாழ 26 லட்சம் ஜூல், முன்சொன்னதைப் போல் 30 மடங்கு. புல்லட்டில் கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. காற்று கொஞ்சம் தடுக்கும், மீதியைப் பிரேக்தான் வாங்க வேண்டும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் உராய்வும் குறையும். லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. ஆகவே இரண்டு சக்கரத்திற்கும் புது லைனிங் போட்ட பிறகே மலைக்கு எடுத்துச் செல்லவும், இறங்கும்போது நடுவில் இரண்டு முறை நிறுத்தி டிரம்மை ஆறவிடவும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.