அடையாளத் திருட்டு

அடையாளத் திருட்டு என்பது ஒருவருடைய பெயர், அடையாள எண்கள், கையொப்பம், கைரேகை, கடவுச்சொல் முதலிய தனிநபர் தகவல்களை அவருடைய இசைவின்றிப் பெற்று, அவரைப்போல நடித்துப் பயனடையும் குற்றம் ஆகும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது மட்டுமன்றி, பிறர் பெயரில் சிம் அட்டை வாங்குதல், கடன் பெறுதல், வணிக நிறுவனம் பதிவு செய்தல் ஆகியனவும் இதில் அடங்கும். பொருள் களவு போனால் உரியவர் விரைவில் அறிந்துகொள்வார். அடையாளத் திருட்டில் தகவல் உரியவரிடமே இருக்கும். அதன் நகல் மட்டுமே பிறரிடம் செல்லும். ஆகையால் பல மாதங்கள் கழித்து ஓர் அறிவிப்புக் கடிதம் வந்த பின்னரே பலர் இதனை அறிகின்றனர்.

தோல் தொழிற்பகுதியின் சூழல்

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர்பெற்றவை. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், இவ்வூர்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் அமைந்துள்ளன. காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரில் பெண்கள் பெரும்பங்கினர்.

ஒரு தொழிலாளி வேலையில் சேரும்போது ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், ஒளிப்படம் ஆகியவற்றின் நகல்களை அளிக்கிறார். வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் ஈட்டுறுதி, வங்கிவழிச் சம்பளம் ஆகியவற்றுக்கு இவை தேவை. சிம் அட்டை, மகளிர் சுய உதவிக் குழுக் கடன், நகைக் கடன் ஆகியவற்றுக்கும் ஏறக்குறைய இதே ஆவணங்கள் கேட்கப்படுகின்றன. இவை யாவும் முறையான தேவைகளே. ஆயினும் எந்த நகல் யாரிடம், எதற்காக உள்ளது என்ற கணக்கு பெரும்பாலும் எவரிடமும் இருப்பதில்லை. கடவுச்சொல்லைக் காப்பது எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது இந்நகல்களைக் காப்பதும்.

போலி வரிப் பதிவு

2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. இதில் பதிவு செய்ய நிரந்தரக் கணக்கு எண் (பான்), ஆதார், கைப்பேசி எண், வணிக முகவரிக்கான சான்று ஆகியவை தேவை. கடன் பெற்றுத் தருவதாகவோ வேலை வாங்கித் தருவதாகவோ கூறி இவ்வாவணங்களையும், ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் பெறும் மோசடியாளர்கள், அவற்றைக்கொண்டு பெயரளவிலான நிறுவனங்களைப் பதிவு செய்கின்றனர். சரக்கு எதுவும் விற்காமலே விலைப்பட்டியல்களை வழங்கி, உள்ளீட்டு வரி வரவைப் பிறர் முறைகேடாகப் பெற வழிசெய்கின்றனர். பின்னர் வரி அறிவிப்பு, ஆவணத்துக்கு உரியவரின் வீட்டுக்கு வருகிறது. நாட்கூலியோ மாதச் சம்பளமோ பெறும் ஒருவர் கோடிக்கணக்கான வரிப் பாக்கிக்கு விளக்கம் அளிக்க வேண்டிய நிலை இவ்வாறே உருவாகிறது.

2023 மே 16 முதல் சூலை 15 வரை இந்தியா முழுதும் நடத்தப்பட்ட சிறப்பு ஆய்வில், 21,791 பதிவுகளுக்கு உரிய நிறுவனங்கள் உண்மையில் இல்லை எனக் கண்டறியப்பட்டது. ஐயத்துக்குரிய வரி ஏய்ப்பு 24,010 கோடி ரூபாய் என நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

தகவல்களின் இருவகை

தனிநபர் தகவல்களை மாற்றக்கூடியவை, மாற்ற இயலாதவை என இரண்டாகப் பிரிக்கலாம். கடவுச்சொல், யு.பி.ஐ. மறை எண் ஆகியவை கசிந்தால் உடனே மாற்றிவிடலாம். பிறந்த தேதி, ஆதார் எண், கைரேகை ஆகியவற்றை அவ்வாறு மாற்ற இயலாது. நிலப் பதிவு ஆவணங்களிலுள்ள கைரேகைகளைப் போலியாக வார்த்தெடுத்து, ஆதார்வழிப் பணம் பெறும் முறையில் பணம் எடுத்த நிகழ்வுகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன. எனவே முதல் வகைக்கு மறைவே காப்பு. இரண்டாம் வகைக்கு மறைவோடு பூட்டுதலும் கண்காணித்தலும் தேவை.

அன்றாடப் பழக்கங்கள்

ஆவணங்கள்

- ஆதாரின் முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டு, இறுதி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் படியை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் பெறலாம். முழு எண் தேவைப்படாத இடங்களில் இதுவே போதும்.
- நகலின்மீது தேதியையும், எந்தத் தேவைக்காக அளிக்கப்படுகிறது என்பதையும் எழுதிக் கையொப்பமிடுதல் நன்று. இது மோசடியை முற்றிலும் தடுக்காது. ஆயினும் நகல் எங்கிருந்து கசிந்தது என்பதை நிறுவ உதவும்.
- ஜெராக்ஸ் கடைக்கு வாட்சப் வழியாக அனுப்பிய கோப்பை, அச்சிட்டபின் கடைக் கணினியிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும். பழுதான நகலையும் கேட்டுப் பெற்றுக் கிழித்துவிட வேண்டும்.
- ஆதாரின் கைரேகைத் தகவலைப் பூட்டிவைக்கலாம். பூட்டிய நிலையில் நியாயவிலைக் கடையிலும் கைரேகை ஏற்கப்படாது. தேவையான நேரத்தில் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும்.

கைப்பேசி

- ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லலாகாது. வங்கி அலுவலரோ காவல்துறையோ அதைக் கேட்பதில்லை.
- யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு மறை எண் தேவையில்லை. மறை எண்ணைப் பதியும்போது பணம் வெளியே செல்கிறது.
- திருமண அழைப்பு, போக்குவரத்து அபராதம், வங்கி அறிவிப்பு எனும் பெயர்களில் வரும் ஏ.பி.கே. கோப்புகளை நிறுவக் கூடாது. இவை குறுஞ்செய்திகளைப் படித்துப் பிறருக்கு அனுப்பவல்லவை.
- மின்னஞ்சலுக்கும் வங்கிச் சேவைக்கும் வெவ்வேறு கடவுச்சொற்கள் வேண்டும். மின்னஞ்சலுக்கும் வாட்சப்புக்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவைக்க வேண்டும்.
- கைப்பேசியில் காரணமின்றி நெடுநேரம் அலைவரிசை கிடைக்காவிடில், அதே எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் பெற்றிருக்கக்கூடும். உடனே சேவை நிறுவனத்தையும் வங்கியையும் அணுக வேண்டும்.

நிறுவனங்களின் பங்கு

தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு விவரங்கள் கொண்ட பட்டியல்களைப் பொதுவான வாட்சப் குழுக்களில் அனுப்புவது, ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோரின் தகவலை வெளியிடுவதற்கு ஒப்பாகும். இப்பட்டியல்களைக் கடவுச்சொல்லிட்டு, தேவையான அலுவலர் மட்டுமே திறக்குமாறு வைப்பது முறையாகும். வேலை தேடி வந்து சேராதவர்களின் நகல்களையும் அழித்துவிட வேண்டும்.

ஏற்றுமதி நிறுவனங்களுக்கு மற்றுமோர் இடர் உண்டு. மின்னஞ்சல் கணக்குக்குள் ஊடுருவியவர் கடிதப் போக்குவரத்தைப் படித்துவந்து, பணம் செலுத்தும் தறுவாயில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என நிறுவனத்தின் பெயரிலேயே அயல்நாட்டு வாடிக்கையாளருக்கு எழுதுகிறார். அனுப்புநர் முகவரியில் ஓர் எழுத்து மட்டுமே மாறியிருக்கும். கணக்கு மாற்றம் பற்றிய எச்செய்தியையும், முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்த பின்னரே ஏற்பது இதற்குரிய காப்பாகும்.

கண்காணித்தல்

ஒருவர் தம் பெயர் தவறாகப் பயன்படுத்தப்பட்டுள்ளதா என்பதைப் பின்வருமாறு ஆராயலாம்:

- சரக்கு மற்றும் சேவை வரி எண் 15 இடங்களைக் கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33). அடுத்த பத்து இடங்கள் பான் எண். ஆகவே வரி இணையதளத்தில் பான் எண்ணைக்கொண்டு தேடினால், அதன்பேரில் உள்ள பதிவுகள் தெரியும்.
- 2023 மே மாதம் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி இணையதளத்தில், தம் பெயரிலுள்ள கைப்பேசி இணைப்புகளைக் காணலாம். தமக்குரியன அல்லாதவற்றைத் தெரிவிக்கலாம்.
- கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டும். அறியாத கடன் எதுவும் அதில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பாதிப்பும் சட்டமும்

பணம் பறிபோனால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுமுன் முடக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. போலி வரிப் பதிவு தெரியவந்தால் வரித் துறைக்கும் காவல்துறைக்கும் எழுத்துமூலம் புகார் அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். அறிவிப்புக்குப் பதிலளிக்காமல் விடுவது நிலைமையைச் சிக்கலாக்கும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இல் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 66சி பிரிவு, அடையாளத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017 ஆகத்து 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் இயற்றப்பட்ட எண்மியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய தகவல்களைத் திரட்டும் நிறுவனங்கள்மீது அவற்றைக் காக்கும் கடமையைச் சுமத்துகிறது. படிப்படியாக நடைமுறைக்கு வரும் இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன.